நடை வேகத்தில் பைக் ஓட்டுவதும் குறுகிய இடத்தில் திருப்புவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெடுஞ்சாலையில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் தயக்கமின்றி ஓட்டுகிறவர்களில் பலர், பெட்ரோல் பங்க்கில் வண்டியைத் திருப்பும்போதும் சந்துக்குள் எதிரே கார் வந்து நிற்கும்போதும் தடுமாறிக் காலை ஊன்றிவிடுகிறார்கள். இங்குள்ள பதில்களில் பெரும்பாலானவை ஒரே கருத்தை ஆதாரமாகக் கொண்டவை. மெதுவாகச் செல்லும் வண்டியை விழாமல் காப்பது பின் சக்கரத்துக்கு அறுபடாமல் போய்ச் சேரும் எஞ்சினின் இழுவை. வேகத்தைக் கட்டுப்படுத்தும் பொறுப்பைப் பின் பிரேக்கிடமும் கிளட்சிடமும் கொடுத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை அசையாமல் வைத்திருக்க வேண்டும்.

வேகமாகச் செல்லும்போது ஆடாத வண்டி மெதுவாகச் செல்லும்போது ஏன் தள்ளாடுகிறது?

இருசக்கர வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே முன் சக்கரம் திரும்பி, சக்கரங்கள் மீண்டும் எடைக்கு நேர் கீழே வந்து சேர்வதால்தான் அது விழாமல் நிற்கிறது. உள்ளங்கையில் குச்சியை நிறுத்துகிறவர் குச்சி சாயும் பக்கமே கையைக் கொண்டுபோவது போன்ற வேலை இது. வேகமாகச் செல்லும்போது ஹேண்டில்பார் கண்ணுக்குத் தெரியாத அளவு திரும்பினாலே சக்கரங்கள் பக்கவாட்டில் போதிய தூரம் நகர்ந்துவிடும். நடை வேகத்திலோ அதே திருத்தத்துக்கு ஹேண்டில்பாரைப் பெரிதாகத் திருப்ப வேண்டியிருக்கிறது, அதற்கு நேரமும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஆகவேதான் ஆட்டம்.

சுழலும் சக்கரத்தின் விசைதான் வண்டியை நிமிர்த்தி வைக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அது உதவுகிறது என்பது உண்மை. ஆனால் அது மட்டுமே காரணமன்று. அந்த விசையை ஏறக்குறைய முற்றிலும் நீக்கிய ஒரு மிதிவண்டி ஆளில்லாமலே தானாக நிமிர்ந்து ஓடும் என்பதை டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர் 2011இல் செய்து காட்டினார்கள். ஓட்டுகிறவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிமையானது: மெதுவாகச் செல்லும்போது ஹேண்டில்பார் இருபுறமும் அசையத்தான் செய்யும், அதை அசைய விட வேண்டும். முழங்கால்களால் டேங்கைப் பற்றிக்கொண்டு கைகளைத் தளர்வாக வைத்திருந்தால் பாதித் தள்ளாட்டம் அங்கேயே குறைந்துவிடும்.

ஹாஃப் கிளட்ச், பின் பிரேக், ஆக்ஸிலரேட்டர் மூன்றையும் ஒரே நேரத்தில் எப்படிப் பயன்படுத்துவது?

முதலில் உங்கள் வண்டியின் ஹாஃப் கிளட்ச், அதாவது கிளட்ச் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் இருக்கும் நிலை, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கண்டறிய வேண்டும். சமதளத்தில் முதல் கியரில் நின்றுகொண்டு, கிளட்ச் லீவரை மிக மெதுவாக விட்டுப் பாருங்கள். ஒரு கட்டத்தில் எஞ்சின் சத்தம் சற்றுத் தாழும், வண்டி முன்னோக்கி நகரத் துடிக்கும். அங்கிருந்து கிளட்ச் முழுவதும் பிடித்துக்கொள்ளும் இடம் வரை உள்ள தூரம் பெரும்பாலும் ஒரு விரல் அகலத்துக்கு மேல் இராது. மெதுவாக ஓட்டும் வேலை முழுவதும் அந்த ஒரு விரல் அகலத்துக்குள் நடக்கிறது.

அடுத்து, ஆக்ஸிலரேட்டரை ஐட்லிங் சத்தத்தைவிடச் சற்றே மேலே கொண்டுவந்து அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வலது காலின் முன்பாதம் பின் பிரேக் பெடலை லேசாக அழுத்தியபடியே இருக்கட்டும். வேகம் குறைய வேண்டுமானால் பெடலை இன்னும் சிறிது அழுத்துவது. கூட வேண்டுமானால் பெடலைத் தளர்த்துவது அல்லது கிளட்சை இழையளவு விடுவது. வலது மணிக்கட்டுக்கு வேலையே இல்லை. சரியாகச் செய்கிறீர்களா என்பதைக் காதாலேயே அறியலாம்: எஞ்சின் சத்தம் ஏறி இறங்காமல் ஒரே சுருதியில் கேட்க வேண்டும்.

பிரேக்கையும் இழுவையையும் எதிரெதிராக வைப்பது வீண்வேலை போலத் தோன்றலாம். ஆக்ஸிலரேட்டரை மூடித் திறந்து வேகத்தைச் சரிசெய்ய முயன்றால், மூடும்போது செயின் தளர்ந்து, திறக்கும்போது இறுகி, வண்டி ஒவ்வொரு முறையும் வெட்டி இழுக்கும். நேராகச் செல்லும்போது அது வெறும் எரிச்சல்தான். சாய்ந்து திரும்பும்போதோ, மூடிய கணத்தில் இழுவை அறுந்து, வண்டியைத் தாங்கிக்கொண்டிருந்த விசை குறைந்து, அது உட்புறமாக விழத் தொடங்குகிறது. பெரும்பாலான யூ டர்ன் விழுகைகள் இப்படித்தான் நிகழ்கின்றன என்பது என் கருத்து. பழி மட்டும் வண்டியின் எடை மீது விழுகிறது. விழப்போவதாகத் தோன்றும் கணத்தில் செய்ய வேண்டியது ஆக்ஸிலரேட்டரை மூடுவதற்கு நேர்மாறானது. பெடலைச் சற்றுத் தளர்த்தி, கிளட்சை இழையளவு விட்டால், இழுவை கூடி வண்டி தானாக நிமிரும்.

ராயல் என்ஃபீல்டின் 349 சி.சி. வண்டிகளைப் போலக் குறைந்த சுழற்சியிலேயே நல்ல இழுவை தரும் எஞ்சின்கள் இதற்கு மிகவும் ஒத்துழைக்கும். 195 கிலோ எடையுள்ள கிளாசிக் 350, சமதளத்தில் முதல் கியரில் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே நடந்துபோகும். அதிக சுழற்சியில் வலிமை காட்டும் ஸ்போர்ட்ஸ் பைக்குகள் எடை குறைந்தவையாக இருந்தும் நடை வேகத்தில் முரண்டு பிடிப்பவை. அவற்றில் ஹாஃப் கிளட்சை நம்பித்தான் ஓட்ட வேண்டும்.

இப்படி ஹாஃப் கிளட்சில் ஓட்டினால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிடாதா?

இந்த அச்சம் பெரும்பாலும் கார் ஓட்டுகிறவர்களிடமிருந்து வந்தது. கார்களில் வழக்கமாக உள்ளது உலர் கிளட்ச். நம் சாலைகளில் ஓடும் கியர் பைக்குகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருப்பது எஞ்சின் ஆயிலில் நனைந்தபடி இயங்கும் பல தட்டுக் கிளட்ச். வழுக்கலால் உண்டாகும் சூட்டை ஆயில் எடுத்துக்கொண்டு போவதால், குறைந்த சுழற்சியில் சில நிமிடங்கள் வழுக்க விடுவதை அது தாங்கும். எஞ்சினை அலற விட்டுக்கொண்டு கிளட்சை வழுக்க விடுவதும், ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் ஹாஃப் கிளட்சிலேயே வண்டியை நிறுத்தி வைப்பதும் கெடுதல்தான். பயிற்சியின்போது கால் மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை அணைத்து ஆற விடுவது நல்லது. காற்றால் குளிரும் எஞ்சின்களுக்கு வெயில் நேரத்தில் இது கட்டாயம்.

திரும்பும்போது முன் பிரேக்கைத் தொடக்கூடாது என்கிறார்களே, ஏன்?

ஹேண்டில்பார் நேராக இருக்கும்போது முன் பிரேக்கைவிட வலிமையான பிரேக் வண்டியில் இல்லை. அவசரத்தில் நிறுத்த அதைத்தான் முதன்மையாக நம்ப வேண்டும். ஹேண்டில்பாரை ஒரு பக்கமாக முழுதும் ஒடித்துத் திருப்பியிருக்கும்போது நிலைமை வேறு. முன் சக்கரம் ஒரு திசையை நோக்கியிருக்க, வண்டியின் எடை வேறொரு திசையில் போய்க்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் முன் பிரேக் பிடித்தால் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமிழ்ந்து, ஹேண்டில்பார் இன்னும் உள்ளே மடங்கி, வண்டி நின்ற இடத்திலேயே உட்புறமாகச் சாய்ந்துவிடும். ஏபிஎஸ் இருக்கிறதே என்று எண்ண வேண்டாம்: அது சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் கருவி, வண்டி சாய்வதைத் தடுப்பதன்று, மிகக் குறைந்த வேகத்தில் அது செயல்படுவதும் இல்லை. பழக்கத்தால் விரல்கள் தாமாகவே லீவருக்குப் போகிறவர்கள், பயிற்சியின்போது நான்கு விரல்களையும் கைப்பிடியைச் சுற்றி வைத்துக்கொள்ளலாம்.

உடலை எந்தப் பக்கம் சாய்ப்பது?

வண்டியை உட்புறம் சாய விட்டு, உடலை நிமிர்த்தியோ சற்று வெளிப்புறமாகவோ வைத்துக்கொள்ள வேண்டும். மலைப்பாதையின் விரைவான வளைவுகளில் உடலை உட்புறம் கொண்டுபோகிறவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

3 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் சென்றால், வண்டியும் ஓட்டுகிறவரும் சேர்ந்த எடை சமநிலையில் இருக்க ஏறக்குறைய 15 டிகிரி சாய்வு போதும். மணிக்கு 15 கி.மீ. ஆனால் அதே வட்டத்துக்கு 30 டிகிரி தேவை. நடை வேகத்தில் கிடைக்கும் சாய்வு சிறியது என்பதால், வண்டி நன்றாகச் சாய வேண்டுமானால் உடலின் எடையை எதிர்ப்பக்கம் வைத்து ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. சாய்ந்த வண்டி, நிமிர்ந்த வண்டியைவிடச் சிறிய வட்டத்தில் திரும்பும் என்பதுதான் இதனால் கிடைக்கும் ஆதாயம். செய்முறையில், வலப்பக்கம் திரும்பும்போது இருக்கையில் இடப்பக்கமாகச் சிறிது நகர்ந்து, இடது ஃபுட்ரெஸ்டில் எடையைப் போட்டு, இடுப்புக்குக் கீழே வண்டியைத் தாராளமாகச் சாய விட வேண்டும். மெலிந்த வண்டிகளில் இந்த நகர்வு இல்லாமலும் சமாளிக்கலாம். கனமான வண்டிகளில் இதை விட்டால் பாதி வழியிலேயே சாலை முடிந்துவிடும்.

கண் எங்கே பார்க்க வேண்டும்?

போய்ச் சேர வேண்டிய இடத்தை. கண்ணை மட்டும் ஓரமாக ஓட்டினால் போதாது. முகவாய் தோளுக்கு மேல் வரும் அளவுக்குத் தலையைத் திருப்ப வேண்டும். யூ டர்னில் அது ஏறக்குறைய நீங்கள் வந்த வழியையே திரும்பிப் பார்ப்பதாக இருக்கும். முன் சக்கரத்தையோ சாலை ஓரத்துப் பள்ளத்தையோ பார்த்தால், வண்டி அங்கேயே போகும்.

இருவழிச் சாலையில் காலை ஊன்றாமல் யூ டர்ன் போட முடியுமா?

முடியும். நடைபாதைக் கல் இல்லாத சாதாரண இருவழிச் சாலையின் தார் அகலம் 7 மீட்டர். 3 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் 6 மீட்டர் செலவாகி, இரு ஓரத்திலும் அரை மீட்டர் மிஞ்சும். 5.5 மீட்டர் அகலமுள்ள கிராமச் சாலையில்தான் உண்மையான சோதனை.

முதலில் சாலையின் இடது ஓரத்துக்கு வந்து, இன்டிகேட்டர் போட்டு, இரு பக்கமும் வரும் வண்டிகளைப் போக விட வேண்டும். அவசரத்தில் தொடங்கிய யூ டர்ன் நடுவில்தான் நிற்கும். ஓரத்தில் மண்ணோ ஜல்லியோ இருந்தால் தாரின் மேலிருந்தே தொடங்குங்கள். முதல் கியரில் நகர்ந்து, இரண்டு மூன்று மீட்டர் நேராகச் சென்று வண்டி நிலைப்பட்ட பிறகு, தலையைத் திருப்பி, வண்டியைச் சாய விட்டு, ஹேண்டில்பாரை முழு ஒடிப்புக்குக் கொண்டுபோக வேண்டும். நின்ற இடத்திலிருந்தே ஹேண்டில்பாரை ஒடித்துக்கொண்டு கிளம்புவது தேர்ந்தவர்கள் செய்வது, தொடக்கத்தில் வேண்டாம்.

இடப்பக்கம் ஓட்டும் நம் நாட்டில் யூ டர்ன் என்றாலே வலப்பக்கம் திரும்புவதுதான், அதில் ஒரு சங்கடம் உண்டு. ஹேண்டில்பார் முழுவதும் வலப்பக்கம் ஒடியும்போது வலது கைப்பிடி வயிற்றை நோக்கி வருகிறது, இடது கைப்பிடி எட்டிப் போகிறது. வலது மணிக்கட்டு மடங்கியதில் ஆக்ஸிலரேட்டர் தானாகத் திறக்கிறது அல்லது மூடுகிறது. கிளட்ச் லீவரோ விரல் நுனிக்குப் போய்விடுகிறது. இதைத் தவிர்க்க, திரும்பத் தொடங்கும் முன்பே வலது முழங்கையை வெளிப்புறம் விரித்து, மணிக்கட்டைத் தாழ்த்தாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இடது தோளையும் ஹேண்டில்பாரோடு சேர்த்து முன்னே போக விடுங்கள். கிளட்ச் லீவரின் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரையான ப்ளே (கிளட்ச் இழுபடாமல் லீவர் தளர்வாக அசையும் தூரம்) இருப்பதுதான் பெரும்பாலான வண்டிகளுக்குச் சரியான அளவு. ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாக ஒடித்துப் பார்க்கும்போது அந்த ப்ளே மாறினாலோ, ஐட்லிங் சத்தம் ஏறினாலோ, கேபிள் எங்கோ இழுபடுகிறது என்று பொருள். முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

எட்டு போடும் தேர்வில் எதைக் கவனிக்க வேண்டும்?

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எட்டு போடச் சொல்வது, இதுவரை சொன்ன எல்லாவற்றையும் ஒரே கோட்டில் சோதிப்பதற்குத்தான். எட்டில் ஒரு வளையம் இடப்பக்கம், மற்றொன்று வலப்பக்கம். வலது வளையத்தில் பலர் தடுமாறுவதற்குக் காரணம் மேலே சொன்ன கைப்பிடிச் சங்கடமே. இரண்டு வளையங்களும் சந்திக்கும் நடுப்பகுதியில் வண்டி ஒரு கணம் நிமிர்ந்து மறுபக்கம் சாய வேண்டும். அங்கே வந்து சேரும் முன்பே தலை அடுத்த வளையத்தின் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். முதல் கியரிலேயே முழு எட்டையும் முடித்துவிடுங்கள். கியர் மாற்றத் தேவையில்லை, காலை ஊன்றக் கூடாது. நண்பரிடம் இரவல் வாங்கிய வண்டியில் போவதைவிட, கை பழகிய வண்டியில் போவது மேல். கியர் இல்லாத ஸ்கூட்டரில் தேர்வு கொடுத்தால் அந்த வகைக்கு மட்டுமே உரிமம் கிடைக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மற்ற நாடுகளும் இதைச் சோதிக்கின்றன. பிரிட்டனில் பைக் உரிமத்துக்கான முதல் செய்முறைத் தேர்வில் எட்டு, நடை வேக ஓட்டம், யூ டர்ன் மூன்றும் உண்டு. ஜப்பானில் 15 மீட்டர் நீளமும் 30 செ.மீ. அகலமும் 5 செ.மீ. உயரமும் கொண்ட ஒரு மேடைப் பட்டையின் மேல் ஓட்டிக் கடக்க வேண்டும். பெரிய பைக்குகளுக்கான உரிமத்தில் அதைக் கடக்க 10 விநாடிக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். கணக்குப் போட்டால் மணிக்கு 5.4 கி.மீ.; சாதாரணமாக நடக்கிற வேகம்.

ஸ்கூட்டரில் கிளட்ச் லீவரே இல்லையே, அங்கே என்ன செய்வது?

ஸ்கூட்டரின் கிளட்ச் எஞ்சின் சுழற்சி கூடும்போது தானாகப் பிடித்து, குறையும்போது தானாக விடுகிறது. ஆக்ஸிலரேட்டரை முழுதாக மூடினால் சிறிது நேரத்தில் இழுவை அறுந்து வண்டி வெறுமனே உருளும். மறுபடி திறந்தால் திடீரென்று பிடித்துப் பாயும். எனவே கிளட்ச் பிடித்திருக்கும் அளவுக்கு ஆக்ஸிலரேட்டரைத் திறந்து வைத்து, இடது லீவரில் உள்ள பின் பிரேக்கால் வேகத்தை அடக்க வேண்டும். சிறிய சக்கரமும் குட்டையான நீளமும் இருப்பதால் ஸ்கூட்டர்கள் மிகச் சிறிய வட்டத்தில் திரும்பும்.

2019 ஏப்ரல் முதல் 125 சி.சி. வரையிலான புதிய இருசக்கர வண்டிகளில் சிபிஎஸ் அல்லது ஏபிஎஸ் கட்டாயம். சிபிஎஸ் உள்ள வண்டிகளில் பின் பிரேக்கை அழுத்தினால் முன் பிரேக்கும் ஓரளவு பிடிக்கும். எந்த அளவு அழுத்தத்தில் முன் சக்கரமும் சேர்ந்துகொள்கிறது என்பதை நேர்கோட்டில் ஓட்டிப் பார்த்து அறிந்துகொண்டு, திரும்பும்போது அதற்குக் குறைவாகவே அழுத்த வேண்டும். கியர் வண்டியானாலும் சிபிஎஸ் இருந்தால் இதே விதிதான்.

மின்சார ஸ்கூட்டர்களில் சிலவற்றில் பிரேக் லீவரைத் தொட்டவுடன் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் துண்டிக்கப்படும். அவற்றில் பிரேக்கையும் இழுவையையும் சேர்த்து வைக்கும் உத்தி எடுபடாது. இருப்பதிலேயே மென்மையான ஓட்ட முறையைத் தேர்ந்து, ஆக்ஸிலரேட்டரை மட்டும் கொண்டு மிக நிதானமாக ஓட்டுவதே வழி.

கொண்டை ஊசி வளைவுகளில் என்ன மாற்றம்?

கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 வளைவுகளிலோ ஓட்டியவர்களுக்கு, எல்லா வளைவும் ஒன்றல்ல என்பது தெரிந்திருக்கும். ஏறும்போது வலப்பக்க வளைவில் நாம் வெளி வட்டத்தில் இருப்பதால் இடம் தாராளம். இடப்பக்க வளைவில் உள் வட்டத்தில் மாட்டிக்கொள்கிறோம். சாலையின் மிகச் செங்குத்தான பகுதியும் அந்த உள் ஓரம்தான். அங்கே எஞ்சின் அணைந்தால் வண்டி பின்னோக்கி உருண்டு பள்ளப் பக்கம் சாயும், கால் தரையை எட்டாது. ஆகவே வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வந்து, உங்கள் தடத்துக்குள் உள் ஓரத்திலிருந்து எவ்வளவு விலகி நுழைய முடியுமோ அவ்வளவு விலகி நுழைந்து, இழுவை தளராமல் ஏற வேண்டும். மேலே பேருந்து திரும்பிக்கொண்டிருந்தால் வளைவுக்குக் கீழேயே நின்றுவிடுங்கள். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதிதான். ஆனால் அந்த வளைவு முழுவதும் பேருந்துக்குத் தேவைப்படுகிறது.

இறங்கும்போது, வண்டி நேராக இருக்கும் வரை இரண்டு பிரேக்கையும் பயன்படுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் நுழைந்த பிறகு தாழ்ந்த கியரும் லேசான பின் பிரேக்கும் மட்டும்.

பின்னால் ஆள் இருந்தால்?

பின்னால் இருப்பவர் வண்டியோடு சேர்ந்து சாய வேண்டும். பயந்து எதிர்ப்பக்கம் நெளிந்தால் ஓட்டுகிறவரின் கணக்கு குலைந்துவிடும். இதைக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. புடவை உடுத்தியவர்கள் இடப்பக்கமாகக் கால் போட்டு ஒருக்களித்து அமரும்போது எடை இடப்பக்கம் நகர்வதால், நேராகச் செல்லவே வண்டி வலப்பக்கம் சற்றுச் சாய்ந்தபடி ஓடும். வலப்பக்க யூ டர்னில் அந்தச் சாய்வு இன்னும் கூடும். இப்படி ஒருவர் அமர்ந்திருக்கும்போது குறுகிய இடத்தில் திருப்புவதைவிட, அவரை இறக்கிவிட்டுத் திருப்புவதே மரியாதையும் பாதுகாப்பும்.

மெதுவாகச் செல்லும்போது கால்களைத் தொங்கவிட்டு ஓட்டினால் என்ன?

வலது கால் தரையருகே இருந்தால் பின் பிரேக் கைவிட்டுப் போகிறது. இந்தப் பக்கத்தில் சொன்ன முறையில் பாதி அத்துடன் தீர்ந்தது. எடை ஃபுட்ரெஸ்டிலிருந்து விலகி முழுவதும் இருக்கைக்கு வருவதால் வண்டியைச் சாய்ப்பதும் நிமிர்த்துவதும் கடினமாகின்றன. நகரும் வண்டியில் ஊன்றிய கால், ஃபுட்ரெஸ்டுக்கும் தரைக்கும் நடுவே சிக்கிக் கணுக்கால் முறிய வாய்ப்புண்டு. நின்ற பிறகு ஊன்றுவதற்குத்தான் கால்.

எங்கே, எப்படிப் பழகுவது?

விடுமுறை நாளில் ஆளில்லாத, தார் அல்லது சிமென்ட் போட்ட சமதளம் போதும். தலைக்கவசம், கையுறை, கணுக்காலை மூடும் காலணி ஆகியவற்றோடு ஒரு பொட்டலம் கோலமாவும் எடுத்துச் செல்லுங்கள். கோடு போட அதைவிட வசதியான பொருள் கிடையாது, வண்டி ஏறினாலும் வழுக்காத அளவுக்கு மெல்லியதாகப் போட்டால் சரி. முதலில் 15 மீட்டர் நேர்கோடு. அதை 7 விநாடிக்குக் குறையாமல், பிறகு 10 விநாடிக்குக் குறையாமல் கடக்கப் பழகுங்கள். அது கைவந்த பின் 8 மீட்டர் விட்டமுள்ள வட்டம், இரு திசையிலும். வட்டத்தை 6 மீட்டருக்குச் சுருக்கிய பிறகு எட்டு. கடைசியாக 7 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகளுக்கு நடுவே யூ டர்ன். நேர்கோட்டுப் பயிற்சியைப் பலர் சலிப்பென்று தாண்டிவிடுகிறார்கள். கிளட்சும் பெடலும் கைகால்களுக்குப் பழகுவது அங்கேதான், ஆகவே அதிக நேரத்தை அதற்கே கொடுக்கலாம். டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள். காற்றுக் குறைந்த முன் டயரும், இறுகியோ பள்ளம் விழுந்தோ போன கோன் செட்டும் (ஹேண்டில்பார் திரும்பும் அச்சில் உள்ள பேரிங்) ஹேண்டில்பாரைத் தானாக அசைய விடாது. அத்தகைய வண்டியில் எவ்வளவு பழகினாலும் தள்ளாட்டம் போகாது.

பயிற்சியின்போது வண்டி கவிழ்ந்துவிட்டால்?

பாதிக்கு மேல் சாய்ந்துவிட்ட வண்டியைக் காலால் தாங்க முயல வேண்டாம், விட்டுவிட்டு விலகுங்கள். கிராஷ் கார்டு இருந்தால் பெரும்பாலும் லீவரோ இன்டிகேட்டரோ மட்டுமே சேதப்படும். சாவியை அணைத்து, பெட்ரோல் கசிகிறதா என்று பார்த்துவிட்டு, கியரில் போட்டு வையுங்கள், நிமிர்த்தும்போது உருளாது. வலப்பக்கம் விழுந்திருந்தால், தூக்கும் முன்பே சைடு ஸ்டாண்டை விரித்துவிட்டால் வண்டி மறுபக்கம் போய் விழுவதைத் தவிர்க்கலாம். கனமான வண்டியைக் குனிந்து இடுப்பால் தூக்கக் கூடாது. வண்டிக்கு முதுகைக் காட்டி, இருக்கை ஓரத்தில் பின்புறத்தை முட்டுக்கொடுத்து, ஒரு கையால் தாழ்ந்திருக்கும் கைப்பிடியையும் மறு கையால் பின்னால் உள்ள கிராப் ரெயிலையும் பிடித்துக்கொண்டு, சிறு அடிகளாகப் பின்னோக்கி நடந்தால் கால்களின் வலிமையிலேயே அது எழுந்துவிடும். மீண்டும் கிளம்பும் முன் பிரேக் பெடலும் கிளட்ச் லீவரும் வளைந்திருக்கின்றனவா, ஆக்ஸிலரேட்டர் விட்டவுடன் தானாக மூடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.